மயிலிட்டியின் கலிபோர்னியா

மயிலிட்டியில் எனக்குத் தெரிந்த பலர் கண்டியைப் பார்த்ததில்லை. கொழும்பைப் பார்க்காமலே செத்தவர்களும் உண்டு. ஆனால் கலிபோர்னியாவுக்குப் போனால் கட்டாயம் பார்க்கவேண்டிய இடங்கள் எவை, எதை முதலில் பார்ப்பது, எந்தப் பக்கம் நின்று பார்ப்பது என்று கேட்டால், கிழிந்த வலை பொத்துகிற கிழவர் முதல் கருவாடு காயவைக்கிற பெண்கள் வரை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். உலகத்தில் வேறெந்த மீன்பிடித் துறைமுகத்துக்கும் இந்தப் பெருமை கிடைத்திருக்காது.

காரணம் ஒரே ஒரு மனிதர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். ஊருக்கு அவர் ‘கலிபோர்னியா’.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் பண்டத்தரிப்பிலிருந்து சைக்கிளில் போய் அங்கே ஒரு மீனவர் சங்கத்தில் எழுதுவினைஞனாக வேலை பார்த்தேன். போன முதல் வாரமே அவர் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். ஒரு காலத்தில் கப்பலில் வேலை செய்த, ஒல்லியான, நெடிய மனிதர். சித்திரை வெயிலிலும் தலையில் கம்பளித் தொப்பி.

“தம்பி புதுசோ?”

“ஓம்.”

“சரி. சான்பிரான்சிஸ்கோவுக்குப் போனா, முதலிலை என்ன பாக்கோணும்?”

அவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முதலில் சிவப்புப் பாலம். அதுவும் போனவுடன் பார்க்கக்கூடாது. மூடுபனி விலகும்வரை பொறுத்திருந்து, கோபுரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும்போது பார்க்கவேண்டும். அதன்பிறகு பெரிய மரங்கள். அதன்பிறகு மலையிலிருந்து அருவி விழுகிற கற்பள்ளத்தாக்கு. கடைசியாகத்தான் பாலைவனம்.

“ஒழுங்கு மாறக்கூடாது தம்பி. பிள்ளையாரைக் கும்பிடாமல் சந்நிதி முருகனிட்டைப் போறமே?”

இந்த ஒழுங்கை அவர் எங்கே வேண்டுமானாலும் ஆரம்பித்துவிடுவார். மீன் ஏலத்தில் நின்று கொண்டு, கையில் பிடித்த பாரை மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி பாலத்தைப் பற்றிச் சொல்லுவார். மீன் விற்கிற ராசம்மாக்கா பொறுமை இழந்து, “அண்ணை, மீனை வாங்கப் போறியளோ, பாலத்தை வாங்கப் போறியளோ?” என்பார்.

கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு பாலைவனம் இருக்கிறது என்று சொன்னபோது வள்ளங்கள் வைத்திருந்த ஒரு சம்மாட்டி கேட்டார்: “அப்ப அங்கை வலை போடலாமோ?”

“விசர்க்கதை கதையாதை. அங்கை இருக்கிறது உப்பு மட்டும்தான்.”

“அது ஆனையிறவிலையும் கிடக்குதே! உதைப் பாக்க அவ்வளவு தூரம் போனனியளோ?”

செத்தவீட்டுக்கும் அவர் பாலத்தோடும் மரத்தோடும்தான் போவார். மனைவியை இழந்து தலையில் அடித்து அழுதுகொண்டிருந்த ஒருவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “தம்பி, அங்கை ஒரு மரம் நிக்குது. அடியிலை ஓட்டை வெட்டி, அதுக்குள்ளாலை கார் போகுது. எண்டாலும் மரம் நிக்குது” என்றார். அழுதவர் அழுகையை நிறுத்தி, “என்ன கார் அண்ணை?” என்று கேட்டார். பறை அடித்தவரும் ஒரு கணம் கையை நிறுத்திவிட்டதாகச் சொல்வார்கள். அதை நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

நாளடைவில் ஊர் களைத்துவிட்டது. அவருடைய சைக்கிள் மணி கேட்டதும் இருந்தவர்கள் எழும்பிப் போக, தேத்தண்ணிக்கடை வாங்குகள் காலியாகும். குடித்து முடிக்காத தேத்தண்ணிகள் மட்டும் ஆவி பறக்க நிற்கும். அவர் அந்தக் கோப்பைகளைப் பார்ப்பார், கடைக்காரரைப் பார்ப்பார். கடைக்காரர் கடையை விட்டு ஓட முடியாது என்பதால், இவர் அவருக்குப் பாலத்திலிருந்து தொடங்குவார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. வீட்டில் தானே சமைத்துத் தானே சாப்பிடுகிற மனிதர். எனக்கும் மேசையை விட்டு எழும்ப வழியில்லாததால், கிழமைக்கு ஒருமுறையாவது நான் கலிபோர்னியாவுக்குப் போய்வந்தேன்.

அவர் அங்கே போனதே இல்லை, எந்தக் கப்பலிலோ எவனோ சொன்ன கதையைத்தான் இங்கே அவிழ்க்கிறார் என்று ஊரில் பாதிப்பேர் நம்பினார்கள்.

அப்படியிருக்க, ஒருநாள் மத்தியானம் முதுகில் மூட்டையோடு ஒரு வெள்ளைக்காரச் சோடி துறைமுகத்துக்கு வந்து இறங்கியது. இளைஞன், தாடி. அவள், பருத்திச் சேலையைப் பாவாடைபோலச் சுற்றியிருந்தாள். எந்த ஊர் என்று கேட்டேன்.

“கலிபோர்னியா.”

எனக்குப் பின்னால் ஏலமே நின்றுபோனது. “ஓடுங்கோடா, அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ!” என்று கத்தினார் ராசம்மாக்கா. உண்மையா பொய்யா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும். கடலுக்குப் போகவேண்டியவர்களும் போகாமல் நின்றார்கள்.

அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, காலில் சப்பாத்து, தலையில் அதே தொப்பி. கப்பல் இங்கிலீசில் நேரே கேள்வியைத் தொடங்கினார். நான் சனத்துக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாலத்தைப் பார்த்தாயா? இளைஞன், பஸ்ஸில் போகும்போது ஒருமுறை பார்த்ததாகச் சொன்னான். பள்ளத்தாக்கு? இல்லை. அவனுடைய அப்பாவுக்கு திராட்சைத் தோட்டம், போக நேரமில்லை. பெரிய மரம்? இல்லை. பாலைவனம்?

“அந்த வெக்கைக்குள் எவன் போவான்?” என்றான் அவன்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. “அண்ணை, அவன்ரை ஊரைப் பற்றி அவனுக்கே தெரியாது. உங்களுக்கு ஆர் சொன்னது?” என்றார் சம்மாட்டி. கலிபோர்னியாவின் முகம் சுருங்கியது. “பக்கத்திலை இருந்தும் பாக்காதவன்” என்று தமிழில் முணுமுணுத்தார்.

அப்போது அந்தப் பெண் சொன்னாள்: “சின்ன வயதில் அப்பா என்னை அந்த மரங்களிடம் கூட்டிக்கொண்டு போனார். பட்டையை நீங்கள் தொட்டுப்பார்த்தீர்களா?”

“தொட்டுப் பார்த்தேன்” என்றார் அவர் மெதுவாக. “மரம் மாதிரி இல்லை. அமத்தினால் விரல் உள்ளே போகும்.” பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “தும்பு மாதிரி. எங்கடை தேங்காய்த் தும்பு மாதிரி” என்றார்.

நான் அதை அவளுக்குச் சொல்ல முயன்றேன். கருவாட்டுப் பாயருகே கிடந்த ஒரு தேங்காய் மட்டையை எடுத்து அவளிடம் காட்டினார் அவர். அவள் அதை விரலால் அமுக்கிப் பார்த்தாள். தலையாட்டினாள். கண் கலங்கியது, தகப்பன் இல்லையோ என்னவோ. இரண்டு பேரும் அந்த மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

காங்கேசன்துறை பஸ்ஸில் அவர்களை ஏற்றிவிட்டு வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். பாலம் வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை.

“கப்பல் எஞ்சின் பழுதாப் போய் அங்கை கனநாள் கிடந்தம் தம்பி. மற்றவங்கள் குடிக்கப் போனாங்கள். நான் பஸ் ஏறி ஏறி எல்லாம் பாத்தன். என்ரை மனுசிக்கு வெளியூர்ப் புதினம் எண்டால் உயிர். திரும்பிப் போய்ச் சொல்லோணும் எண்டு, எதை முதல் சொல்றது, எதைக் கடைசியாச் சொல்றது எண்டு வாற வழி முழுக்க அடுக்கிக்கொண்டு வந்தன். கொழும்பிலை இறங்கினால் மச்சான் நிக்கிறான். முகத்தைப் பாத்தவுடனை விளங்கிப்போச்சு. மனுசிக்கு நெஞ்சுக்குத்து. நான் நடுக்கடலிலை வரேக்கையே எல்லாம் முடிஞ்சு போச்சு.”

தேத்தண்ணி எடுப்பித்துக் கொடுத்தேன்.

“அடுக்கினது அப்பிடியே கிடக்குது தம்பி” என்றார்.

அடுத்த வருடம் எனக்குப் பதுளைப் பக்கம் வேறு வேலை கிடைத்தது. மலைநாட்டை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. ஒரு காலை பஸ் வளைவில் திரும்பியபோது, பாறையை விட்டு ஓர் அருவி குதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து ஆசனத்தில் இருந்தவர் நித்திரை. பார்த்தீர்களா என்று கேட்க ஆளில்லை.

லீவில் ஊருக்கு வந்ததும் வீட்டில் பையை வைத்துவிட்டு நேரே மயிலிட்டிக்குச் சைக்கிளை மிதித்தேன். அவர் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் அருவியைப் பற்றிச் சொன்னேன். தேயிலைச் சரிவுகள், பஸ் போன வளைவுகள், குளிர் என்று நீட்டி நீட்டிச் சொன்னேன். அவர் ஓரிடத்திலும் குறுக்கிடவில்லை. சுளகு மடியிலேயே கிடந்தது. முடித்தபிறகு கேட்டார்:

“தண்ணி விழேக்கை சத்தம் எப்பிடி இருந்தது, தம்பி?”

அதற்குப் பிறகு நான் எத்தனையோ இடங்களுக்குப் போனேன். அவர் இருந்த காலம்வரை, அவருக்குச் சொல்வதற்காகவே போனேன்.