பயம் வாங்கும் மார்க்குக்காரர்

சேர்வராயன் மலையில் சிறுத்தைக்குப் பயப்படாதவர்கள் இருக்கிறார்கள். துரைக்குப் பயப்படாதவர்கள்கூட ஒன்றிரண்டு பேர் உண்டு. ஆனால் மஞ்சக்குட்டைக்கு மேலே நாங்கள் முன்பு இருந்த எஸ்டேட்டில், மார்க்குக்காரர் படம் தீட்டிய தகரத்தைப் பயமில்லாமல் கடந்து போன ஒருவரையும் நான் கண்டதில்லை. துரையின் குதிரையே அவர் வேலை செய்யும் கொட்டகைப் பக்கம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

காப்பி மூட்டைகள் சேலத்துக்கு வண்டி ஏறுவதற்கு முன், ஒவ்வொன்றிலும் எஸ்டேட்டின் முத்திரையைக் கறுப்பு மையால் பதிப்பது அவர் வேலை. வட்டத்துக்குள் ஒரு மான் தலை. அதனால் எல்லோருக்கும் அவர் மார்க்குக்காரர். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். என் கணவர் அங்கே கணக்கெழுதும் ரைட்டர், அவரிடம் கேட்டேன். "மார்க்குக்காரர்தான்" என்றார். மேற்கொண்டு கேட்டால் தவறாகுமோ என்று யோசித்தே காலம் ஓடிவிட்டது.

மிஞ்சிய மையோடு செம்மண், மஞ்சள், துணிக்குப் போடும் நீலம் எல்லாம் குழைத்து அவர் படம் தீட்டுவார். காகிதத்தில் மட்டும் தீட்டமாட்டார். மண்ணெண்ணெய் டின்னைப் பிரித்துத் தட்டிய தகரம், கிழிந்த சாக்கு, முறத்தின் முதுகு, ஆள் இல்லாத வீட்டுக் கதவு, இவைதான். துரைசானி இரக்கப்பட்டு நல்ல வெள்ளைத் தாள் கொடுத்தாள். அதில் புகையிலை மடித்து வைத்துக்கொண்டார். காகிதம் ஒரு மழை தாங்காது, பயம் அப்படியா என்பது அவருடைய கட்சி.

ஆமாம், அவர் தீட்டியதெல்லாம் பயம்தான். அதுவும் மற்றவர்களுடைய பயம். யாரையாவது நிறுத்தி, "ஏனுங்க, உங்களுக்கு எதைக் கண்டா பயமுங்க?" என்று கேட்பார். சொன்னால், "சரிங்க, நான் வாங்கி வெச்சுக்கறேன்" என்று ஒரு தகரத்தை எடுப்பார். பஞ்சத்தில் கீழேயிருந்து மலையேறி வந்த கங்காணியின் பயம், வயிறு இருக்கவேண்டிய இடத்தில் அணைந்த அடுப்பும் அதற்குள் தூங்கும் பூனையுமாக ஒரு மனிதன். பழம் பறிக்கும் பொன்னாயியின் பயம், விரலெல்லாம் காப்பிக் கிளையாகி, ஒவ்வொரு பழமும் கண்ணாக விழித்திருக்கும் ஒரு பெண். பொன்னாயி பக்கத்து லயத்துக்காரி. அந்தத் தகரத்தையே கூரை ஒழுகும் இடத்தில் செருகிவிட்டு நிம்மதியாகத் தூங்குவதாகச் சொன்னாள். அதைக் கேட்டு என் தூக்கம் போனது.

கைக்குழந்தையோடு நான் அங்கே போன முதல் வாரமே என்னையும் கேட்டார். படித்த பெண், ரைட்டர் சம்சாரம், பதில் சொல்லலாமா என்று தெரியவில்லை. அட்டைப்பூச்சி என்றேன். சொல்லிவிட்டு, அட்டை பாப்பாவின் மூக்குக்குள் போய்விட்டால் என்பதையும் சேர்த்தேன். பிறகு பனி. பிறகு கூரைத் தகரம் காற்றில் பறப்பது. தூக்கத்தில் நானே குழந்தைமேல் புரண்டுவிடுவது. பால் வற்றிப்போவது. பூனை. பால் வற்றாமல் அதிகமாகி அவளுக்குப் புரையேறுவது. நான் நிறுத்தியபோது மார்க்குக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, எஸ்டேட்டு மொத்தத்துக்கும் ஆளுக்கு ஒரு தகரம் போதுமுங்க. உங்க ஒருத்தருக்கே கொட்டாயிச் செவுரு பத்தாதுங்களே."

கொட்டகை மூலையில் நல்ல தகரம் ஒன்று வெறுமையாகச் சாய்ந்திருந்தது. அதைக் காட்டினேன். அது வேறு ஒருவருக்கு என்று சொல்லிவிட்டார்.

தகரம் இல்லாத குறைக்கு, என் அட்டைப்பூச்சியை எங்கள் கூரையிலிருந்து தொங்கிய பூசணிப் பிஞ்சில் வரைந்துவிட்டுப் போனார். மனிதப் பல் உள்ள அட்டை. விரல் நீளம்தான், பரவாயில்லை என்று நினைத்தேன். பூசணி வளரும் என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. பிஞ்சு பருக்கப் பருக்க அட்டையும் பருத்தது. ஐப்பசியில் அது என் கை பருமன் ஆகி, சமையலறை ஜன்னலுக்கு நேராகப் பல்லைக் காட்டியது. பறித்து எறியலாம் என்றால், முகம் எழுதின பூசணி திருஷ்டிக்கு நல்லது, தொடக்கூடாது என்று பொன்னாயி தடுத்தாள். சோறு பொங்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். அப்புறம் அதற்கு முதுகைக் காட்டலாமா என்று ஒரு பயம் வந்தது.

அவர் ஏன் இப்படி ஆனார் என்பதைப் பொன்னாயிதான் சொன்னாள். முன்பெல்லாம் மான் தலையைத் தவிர ஒரு கோடு போடமாட்டாராம். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் கிடந்த மனைவியை வண்டியில் போட்டுச் சேலத்துக்குக் கிளம்பியிருக்கிறார். மார்க்குப் போட்ட மூட்டை ஏற்றிய வண்டி இறங்கினால், ஏறி வரும் வண்டிகள் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது இந்த மலைப்பாதையின் வழக்கம். துரைமார் சரக்கு மழையில் நனையக்கூடாது. நோயாளிக்கு அந்த வழக்கம் கிடையாது. ஒவ்வொரு வளைவிலும் காத்துக் காத்து, பாதி மலையிலேயே அவள் போய்விட்டாள். அதன்பின் அவர் மலையைவிட்டு ஓர் அடி இறங்கியதில்லை. மூட்டையை வண்டியில் ஏற்றும்போதுகூடச் சாலைப் பக்கம் பார்க்கமாட்டார். வாழ்க்கையில் ஒரே ஒரு பயம்தான் அவருக்கு; அதை மட்டும் அவர் தீட்டவில்லை.

எனக்கும் அப்படி ஒன்று இருந்தது. அத்தனை பயத்தையும் அவரிடம் கொட்டியவள் அதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் பலித்துவிடுமோ என்று.

கார்த்திகை மழையில் ஒரு விடியற்காலை பாப்பாவுக்கு மூச்சு இழுத்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்ளே போனது. உடம்பு அனலாகக் கொதித்தது. கணவர் முந்தின நாளே துரையோடு வேறு எஸ்டேட்டுக்குப் போயிருந்தார். பொன்னாயி ஓடிப்போய் ஒரு வண்டியைப் பிடித்தாள். காலி வண்டி. ஒரு மூட்டைகூட இல்லை. காலி வண்டிக்கு யார் வழி விடுவார்கள்?

மார்க்குக்காரர் மை டப்பாவோடு வந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பாப்பாவைச் சுற்றியிருந்த கம்பளி வெளுப்பு நிறம். அதன்மேல் அச்சுத் தகட்டை வைத்து, வட்டமும் மான் தலையுமாக, மூட்டைக்குப் பதிப்பது போலவே அழுத்திப் பதித்தார். பிறகு வண்டிக்கு முன்னால் போய்ச் சாலையில் நின்றார்.

"நீங்களா போறீங்க?" என்றாள் பொன்னாயி.

"மார்க்கு வண்டிக்கு முன்னால கத்தறது வேற யாருக்குடி வரும்?" என்றார். அன்றுதான் அவர் சாலையைப் பார்த்து நின்றதைக் கண்டேன்.

வழியெல்லாம் மூடுபனி. மாட்டின் கொம்பு தெரியும், அதற்கு முன்னால் அவர் முதுகு தெரியும், அதற்கு முன்னால் ஒன்றுமே தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் "மார்க்கு வருது, ஒதுங்கு" என்று கத்தினார். குரல் உடைந்து உடைந்து வந்தது. நான் பாப்பாவின் மூச்சைக் காதால் பிடித்துக்கொண்டே இருந்தேன். அவர் கத்தும்போது அது கேட்காமல் போகும். அந்த நொடியில் நானும் போய்விடுவேன்.

ஒரு வளைவில் உப்பு வண்டிக்காரன் மறித்துவிட்டான். "எங்கய்யா மூட்டை? காலி வண்டிக்கு என்ன கூப்பாடு?"

மார்க்குக்காரர் திரும்பி வந்து, மழைக்கு மூடியிருந்த துணியை விலக்கிக் கம்பளியைக் காட்டினார். "இதா இருக்குது பாரு. இந்த எஸ்டேட்டுலயே முதல் ரகம். நனைஞ்சா நீ பதில் சொல்லோணும்."

அவன் மானைப் பார்த்தான். பாப்பாவின் முகத்தைப் பார்த்தான். வண்டியை மலையோடு ஒட்டி ஒதுக்கினான். அதற்குப் பின் எங்களை யாரும் மறிக்கவில்லை. உப்பு வண்டிக்காரனே தன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு எங்களுக்கு முன்னால் நடந்து கத்தினான்.

ஆஸ்பத்திரியில் கம்பளியைப் பிரித்த கம்பவுண்டர் திகைத்துப்போனார். மை கம்பளியைத் தாண்டி, சட்டையைத் தாண்டி, பாப்பாவின் வயிற்றில் இறங்கியிருந்தது. தொப்புளைச் சுற்றி ஒரு மான் தலை. "சரக்கை இங்கே ஏன் கொண்டுவந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, மூச்சைக் கவனித்ததும் டாக்டரைக் கூப்பிட ஓடினார். இன்னும் ஒரு வளைவில் காத்திருந்தால் தாங்கியிருக்காது என்றார் டாக்டர். பாப்பா பிழைத்தாள். மான் தை மாதம் வரை அழியவில்லை.

நாங்கள் மலையேறி வந்தபோது, கொட்டகை மூலையில் இருந்த வெற்றுத் தகரம் வெறுமையாக இல்லை. பனிக்குள் ஒரு வண்டி. வண்டிக்குள் ஒரு பெண், கால்கள் வேராகிப் பலகையைத் துளைத்து இறங்கியிருக்க, மடியில் மூச்சு விடும் மூட்டை. வண்டிக்கு முன்னால் கையை உயர்த்தி நடக்கும் ஒரு மனிதன். அவனுக்குத் தலை இல்லை. மேலே, மலை உச்சியில், ஒரு சில்வர் ஓக் மரக் கிளையில் தலை தொங்கிக்கொண்டிருந்தது.

"பயத்துல அதை மேலயே உட்டுப்போட்டு வந்துட்டனுங்க" என்றார் மார்க்குக்காரர்.

நாங்கள் வேறு எஸ்டேட்டுக்கு மாறி வந்தபோது அதை எனக்குக் கொடுத்துவிட்டார். இப்போது எங்கள் முன்னறையில் மாட்டியிருக்கிறேன். சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கலாமே என்கிறார் கணவர். வருகிறவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொள்கிறார்கள். குழந்தை இருக்கும் வீட்டில் இது சரியா என்று எனக்கும் சந்தேகம்தான்.

மூன்று வயதாகிவிட்ட பாப்பாவுக்கு மட்டும் சந்தேகம் கிடையாது. தினமும் தன் சோற்றில் முதல் பிடியை ஸ்டூல்மேல் ஏறி அந்த மனிதனுக்குத்தான் ஊட்டுகிறாள். வாய் இல்லாததால் கழுத்தில் அப்புகிறாள். அவருக்குத்தான் தலை இல்லையே கண்ணு என்றால், "அது மேல இருக்குதும்மா, எறங்கி வரும்" என்கிறாள்.

நான் திட்டிக்கொண்டே சோற்றைத் துடைக்கிறேன். துடைத்துவிட்டு, தலை ஒரு கிளையாவது கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.