அத்தைக்காக ஒட்டிய டேப்

நன்னிலம்,
தீபாவளிக்கு ஆறு நாள் முன்பு.

அன்பு இசைவாணிக்கு,

உன் ஓரகத்தி மேகலா எழுதுவது. இங்கே நானும் இவரும் நலம். அங்கே நீங்கள் எல்லோரும் நலம் என்பதை வாட்ஸ்அப்பில் தினம் மூன்று வேளையும் பார்த்துக்கொண்டிருப்பதால் தனியாக விசாரிக்கவில்லை. இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று நீ கேட்பாய். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், அத்தை கேட்டுவிடுவார். இது அத்தை கேட்கக்கூடாத விஷயம். ஏனென்றால் விஷயமே அத்தைதான்.

பதினைந்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று தஞ்சாவூரில் இருக்கும் உங்கள் புது வீட்டுக்குக் கிளம்பிய அத்தை, மூன்று மாதமாக அங்கேயே இருக்கிறார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. நீயும் மருமகள்தானே. ஆனால் அங்கே வந்த இரண்டாம் நாளே குடும்பக் குழுவில் அத்தையின் குரலை நீ அனுப்பினாய் அல்லவா, "வாணிம்மா பாத்ரூம் கட்டியிருக்கா பாருங்க, குளிக்கவே மனசு வரல, நாற்காலி போட்டு உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு" என்று, அதை நான் பதினோரு முறை கேட்டேன். பாத்ரூமுக்காக அல்ல. 'வாணிம்மா'வுக்காக. இருபத்திரண்டு வருஷமாக நான் அவருக்கு 'ஏ புள்ள'. எனக்கு ஒரு பெயர் இருப்பதே ரேஷன் கார்டைப் பார்க்கும்போதுதான் அவருக்கு ஞாபகம் வருகிறது.

எங்கள் பாத்ரூமுக்கும் டைல்ஸ் போடலாமா என்று இவரிடம் கேட்டேன். "சம்பா முடியட்டும்" என்றார். எந்த வருஷத்துச் சம்பா என்று சொல்லவில்லை. அப்போதுதான் ஒரு வீடியோவில், பூப்போட்ட டேப்பைச் சுவரில் கட்டம் கட்டமாக ஒட்டி ஒரு பெண் பழைய பாத்ரூமை அரண்மனை ஆக்கியதைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டே ஒட்டினாள். நான் கூத்தாநல்லூர் கடைத்தெருவில் ஒரு ஃபேன்சி ஸ்டோருக்குப் போய் தங்கக்கரை டேப்பில் நான்கு சுருளும், தரையோரம் ஒட்டுவதற்குச் சிவப்பில் சின்னச் சின்னப் பூ போட்டது இரண்டு சுருளும் வாங்கிவந்தேன். படிக்கக் கண்ணாடி போடச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்து ஒரு வருஷம் ஆகிறது. நீ போடாமல் இருக்கும்போது நான் எப்படிப் போடுவது? அதனால் பூ என்ன பூ என்று உற்றுப் பார்க்கவில்லை.

மூன்று நாள் ஒட்டினேன். ஐப்பசி ஈரத்தில் சுவர் வியர்க்க, மேலே ஒட்டினால் கீழே கழன்றது, கீழே அழுத்தினால் மேலே சுருண்டது. நடுவில் இவர் குளித்துவிட்டு அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனார். போனவர் முதுகில் காலரிலிருந்து ஒரு முழத் தங்கக்கரை தொங்கியிருக்கிறது. மூட்டை எடை போடுகிற இராஜாங்கம், "என்னண்ணே, நெல்லு போட வந்தீங்களா, மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தீங்களா?" என்று கேட்டு, அங்கே வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்து, அந்தக் கோபத்தில் இவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் பொருட்படுத்தவில்லை. ரேஷன் கார்டுக்குக் கைரேகை வைக்க அத்தை புதன்கிழமை வருகிறார். வந்து பார்த்தால் போகமாட்டார். என் கணக்கு அவ்வளவுதான்.

வந்தார். காபி குடித்தார். துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே ஒரு காலை வைத்தார். வைத்த காலை எடுத்தார்.

"ஏ புள்ள, இங்க வா. இது என்னது?"

"டிசைன் அத்தை. உங்களுக்காகத்தான்."

"டிசைன்தான். யாரு காலு இது?"

குனிந்து பார்த்தேன். இசை, நான் தாவரவியல் முதுகலை. பூ என்று நான் நினைத்தது பூ இல்லை. ஐந்து மொட்டு என்று நினைத்தது ஐந்து விரல். பூஜை அறை வாசலில் ஒட்டுகிற லட்சுமி பாதம்! நான் அதை பாத்ரூம் வாசலில் ஆரம்பித்து, சுவரோரமாகவே கொண்டுபோய், வளைத்து, கக்கூஸ் பீங்கானுக்கு முன்னால் அழகாக முடித்திருந்தேன்.

"மகாலட்சுமி எங்கடி போறா?" என்றார் அத்தை.

"அவசரம் போல இருக்கும்மா" என்றார் கூடத்தில் இருந்த உன் பெரிய மச்சினர். இரண்டு நாளாகப் பேசாதவர் வாய் திறந்தது அதற்குத்தான்.

அத்தை பக்கத்து வீட்டுக் கமருன்னிஸா பாத்ரூமில் குளித்தார். கைரேகை வைத்தார். "பாதம் இருக்குற எடத்துல நான் தலைக்கு ஊத்திக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நாலு மணி பஸ்ஸில் உன்னிடமே திரும்பிவிட்டார். உரித்துவிடலாம் என்றால், சாமி பாதத்தை நகத்தால் சுரண்ட எனக்குக் கை வரவில்லை. மிதிக்கவும் முடியாது. நாங்கள் இருவரும் கொல்லைப்புறத்துக் கைப்பம்பில் குளிக்கிறோம். அலங்கரித்த பாத்ரூமை ஒரு பல்லி அனுபவிக்கிறது. கமருன்னிஸா வந்து பார்த்துவிட்டு, "எங்க வீட்டுலயே எப்ப வேணும்னாலும் வந்து குளிங்கக்கா. ஆனா ஒண்ணு, கண்ணாடி போடாமப் பாத்தா இது பூவாத்தான் தெரியுது" என்றாள்.

இதையெல்லாம் ஏன் செய்தேன் என்று கைப்பம்படியில் நின்று யோசித்துப் பார்த்தேன். அத்தை இங்கே இருந்தபோது நாளுக்கு நாலு முறை என் சாம்பாரில் உப்பு இல்லை என்பார். எப்போது வாயை மூடுவார் என்று இருக்கும். இப்போது சொல்ல ஆளில்லை, சாம்பாரில் உப்பும் இல்லை. தீபாவளி விடியற்காலையில் மணையில் உட்காரவைத்து, உச்சந்தலையில் எண்ணெயை வைத்து, "நல்லா இரு புள்ள" என்பார். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் என் தலையில் அவர் கை படும். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கை எனக்கு மட்டும்தான். இந்த வருஷம் அது உன் தலைக்குப் போகிறது என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. இதற்குப் பெயர் பொறாமை என்றால், சரி, பொறாமைதான். உன் கண்ணாடி அலமாரியையும் வெந்நீர்க் குழாயையும் நீயே வைத்துக்கொள். சனிக்கிழமை இவர் வருவார். அத்தையை அவரோடு அனுப்பிவிடு. ஏதாவது காரணம் சொன்னாயானால் நான் உன்னோடு பொங்கல் வரைக்கும் பேசமாட்டேன்.

தம்பி பகலவனுக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். நீயும் உன் பாத்ரூமும் பல்லாண்டு வாழ்க.

இப்படிக்கு,
மேகலா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அத்தை போன் செய்தார். "ஏ புள்ள, அந்த டேப்பப் பிச்சுக் குப்பையில போட்டுறாத, பாவம். பதனமா உரிச்சுக் கொண்டா. வாணிம்மா பூசை ரூம் வாசல்ல ஒட்டிக்கலாம். அவ வெவரமானவ, உள்ள வர்ற மாதிரி ஒட்டுவா. தீபாவளிக்கு ரெண்டு பேரும் இங்க வந்துருங்க, ஒனக்கு எண்ணெ வைக்காம எனக்கு என்ன தீபாவளி?" என்றார். ஆகவே அத்தையை அனுப்ப வேண்டாம். நாங்கள் சனிக்கிழமை வருகிறோம். மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. இது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்: அத்தை எண்ணெய்க் கிண்ணத்தோடு வரும்போது முதல் மணை என்னுடையது. உன் வீடுதான், இல்லை என்று சொல்லவில்லை. நீ இரண்டாவதாக உட்கார்.