அம்மாவின் நீல கவுனில் பட்ட முட்டை

ஹையலீயா, புளோரிடா
மார்ச் 1988

கியூபாவின் கார்தெனாஸ் நகரில் எங்கள் பழைய தெருக் குழுவின் தலைவரும், புரட்சியின் தூங்காத காவலரும், அம்மாவின் ஒரே அண்ணனுமான எலெயுதேரியோ மாமாவுக்கு மிர்தா பணிவுடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அங்கே நலமில்லை என்பதை உங்கள் கடிதமே சொல்லிவிட்டது.

அம்மாவுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்ததும் உங்களுக்குத் தங்கைப் பாசம் பொங்கியிருக்கிறது. மனுப் போட்டு உங்களை இங்கே வரவழைக்க வேண்டுமாம். அதற்குள் ஒரு மூக்குக்கண்ணாடியும் கறுப்பு ஷூவும் அனுப்ப வேண்டுமாம். குடும்பத்தில் கல்லூரியை எட்டிப் பார்த்தவள் நான் ஒருத்திதான் என்பதால் பதில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "மரியாதையா எழுது. ஆனா முடியாதுன்னு எழுது" என்பது அம்மாவின் உத்தரவு.

எட்டு வருஷத்துக்கு முன்பு நாங்கள் அமெரிக்காவுக்குப் படகேறப் புறப்பட்ட அந்தக் காலை உங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. ரேஷன் கடையில் வாரக்கணக்காகக் கண்ணில் படாத முட்டை அன்று அட்டை அட்டையாக வந்து இறங்கியது, எங்கள் மேல் எறிவதற்காக. நாட்டை விட்டுப் போகிறவர்களுக்குப் புரட்சி வைத்த பெயரால், நீங்கள் ஒலிபெருக்கியில் "புழுக்களே, ஒழிங்க!" என்று கத்தினீர்கள், தெருவே திருப்பிக் கத்தியது, ஆனால் முட்டை மட்டும் வரவில்லை, ஏனென்றால் எல்லோரும் அதைச் சட்டைப்பையிலும் பாவாடைப் பையிலும் பதுக்கிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு ஒதிலியா எல்லோரையும்விட உரக்கக் கத்திக்கொண்டே அம்மாவிடம் நெருங்கி, "தப்பா நினைக்காதடி செனைதா, ராத்திரிக்கு ஆம்லெட் ஆச்சு. போய்ச் சேந்ததும் நைலான் காலுறை அனுப்பு" என்று கிசுகிசுத்தாள். மெய்யான புரட்சிக்காரர் நீங்கள் ஒருவர்தான், மாமா. நீங்கள்தான் எறிந்தீர்கள். அது அம்மாவின் நெஞ்சில் பட்டு உடைந்தது.

அம்மா அழவில்லை. "அண்ணே, பேஸ்பால்ல ஒருநாளும் உங்க குறி பட்டதில்லையே, இன்னைக்கு மட்டும் எப்படிப் பட்டுச்சு?" என்று கேட்டாள். நீங்கள் ஒலிபெருக்கியைத் தூக்கி மறுபடி கத்தினீர்கள். இப்போது எழுதியிருக்கிறீர்கள்: கதவைப் பார்த்துத்தான் எறிந்தீர்கள், காற்று திருப்பிவிட்டது என்று. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அன்னைக்குக் கொடிகூட அசையல. காத்து இவருக்குன்னு தனியா அடிச்சுதாமா?" என்றாள்.

அந்த நீல கவுனோடுதான் அம்மா கடலைத் தாண்டினாள். இன்றுவரை துவைக்கவில்லை. கறை காய்ந்து மஞ்சளாகி, அலமாரியில் சாட்சியாகத் தொங்குகிறது. அப்பா ஒருமுறை அதைத் தூக்கிப் போடப் போய், இரண்டு நாள் காப்பி இல்லாமல் கிடந்தார். ஆகவே மாமா, புழுக்களிடம் ஷூ கேட்காதீர்கள். எங்களுக்குக் கால் கிடையாது, அளவு தெரியாது. தங்களைக் கடைசிவரை புரட்சியே காப்பாற்றட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் மருமகள்
மிர்தா

பி.கு.: கறை இடப்பக்கமா வலப்பக்கமா என்று சரிபார்த்து எழுதலாமென்று அலமாரியைத் திறந்தேன். கவுன் இல்லை. குளியலறையில் சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. உங்களுக்கான மனுவை அம்மா நேற்றே போட்டுவிட்டாளாம்.

"என்னம்மா இது?" என்றேன்.

"அவரைக் கூட்டிட்டு வர ஏர்போர்ட்டுக்குப் போகணும்ல? நல்லதா வேற எது இருக்கு?"

"அவர் வர வருஷக்கணக்கா ஆகும்மா."

"ஆகட்டும். இந்தக் கறை போகவும் அவ்வளவு நாள் ஆகும்" என்று சொல்லிவிட்டுத் தேய்க்கத் தொடங்கினாள்.

ஷூ அளவை எழுதுங்கள்.