வார்டு மாறும் வியாதி

கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரி. அதன் கண் வார்டில் அன்று காலை இருந்தவர்கள்: கட்டிலில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேயின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, கனகசபை, தலைமாட்டில் அவர் மகள், பயிற்சித் தாதி தங்கரத்தினம், கால்மாட்டில் ஆயா பவுனம்மாள், பக்கத்துக் கட்டிலில் பந்திங் லோரிக்காரர் வேலாயுதம். வேறொருவரும் இல்லை. தாமும் இருந்ததாகச் சொல்லித் திரிகிறவர்களை நம்ப வேண்டாம்.

தங்கரத்தினம் தாதிப் படிப்புக்காக யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்தவள். தான் தவழும்போதே மலாயாவுக்குப் போய்விட்ட தகப்பனை அருகில் பார்க்கலாம் என்பது அவளுடைய ஆசை. கனகசபையோ முதல் நாளே சொல்லிவிட்டார்:

"கண்டவையின்ர காலைக் கழுவுற உத்தியோகத்துக்கு எங்கட குடும்பத்தில ஆள் இல்லை. அந்தத் தொப்பி தலையில இருக்குமட்டும் என்ர படியேறாதை. நானும் உன்னைப் பாக்க வரமாட்டன்."

வாக்கு வாக்குத்தான். குடும்பம் அப்படிப்பட்டது. கோலாலம்பூர் ரயில் ஊதும்போதெல்லாம் தங்கரத்தினத்தின் கை ஒரு கணம் நிற்கும், அவ்வளவுதான்.

ஆனால் உடம்பு வாக்கைக் கேட்குமா? பொது வார்டில் வயிற்றுவலி என்று வந்து படுத்தார். மகள் விளக்கெண்ணெய் கொடுத்தாள். வயிறு ஓய்ந்தது, முழங்கால் பிடித்துக்கொண்டது. அறுவை வார்டில் முழங்காலுக்குப் பலகை வைத்துக் கட்டினாள். கால் நிமிர்ந்தது, கண் மங்கியது. அன்று விடியவே டாக்டர் இரண்டு கண்ணையும் கட்டச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"பவுனம்மா, உந்தக் கட்டை அவிழ்க்கச் சொல்லி அந்த நர்சிட்டச் சொல்லு."

"பக்கத்துலதாங்கய்யா நிக்குறாங்க."

"நான் உன்னட்டத்தான் சொன்னனான்."

பவுனம்மாள் திரும்பினாள். "அவுக்கணுமாம்மா."

"ஒரு கிழமைக்குத் திறக்கக் கூடாதெண்டு ஐயாவிட்டச் சொல்லுங்கோ அக்கா."

"ஒரு கிழமையோ? ஏழு நாளோ?" கனகசபை எழுந்து உட்கார்ந்தார். "வலது கண்ணை மட்டுமாவது விடச் சொல்லு."

"வலதுலதானேய்யா மங்கல்னீங்க?"

"அப்ப இடது."

வேலாயுதம் சிரித்தார். "நமக்கு ஒத்தக் கண்ணுலதான் கட்டு. பெரிய கிராணிக்கு ரெண்டுலயும். உத்தியோகத்துக்கு ஏத்த மரியாதைலா."

வெளிச்சம் பட்டு நோகிறதாக்கும் என்று தங்கரத்தினம் இன்னொரு சுற்றுச் சுற்றினாள். கனகசபை முனகினார். மேலும் ஒரு சுற்று. முனகல் பெரிதாயிற்று.

அவள் முடிச்சைப் போட்டுவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். தொட்ட நோயெல்லாம் இடம் மாறுகிறதே. ராசியில்லாத கை என்று பெரிய சிஸ்டர் ஊருக்கு அனுப்பிவிட்டால்? 'பிள்ளை' என்று அப்பா ஒருமுறை கூப்பிடுவதைக் கேட்காமலே கப்பலேற வேண்டும்.

"என்ர கைதான் சரியில்லை அக்கா. திங்கட்கிழமை எனக்குப் பிரசவ வார்டு. நான் போனாப் பிறகு ஐயாவுக்குச் சுகம் வரும்."

தலையணையிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "பிரசவ வார்டோ?"

பவுனம்மாள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். "போம்மா, நீயும் உன் கையும். நீ எந்த வார்டுக்குப் போனியோ அந்த நோவுதானே இவருக்கு வந்துச்சு? இனிமே என்ன நோவைச் சொல்லிக்கிட்டு வருவாரு, பாவம்."

பிரசவ வார்டிலும் ஒரு கட்டில் போடச் சொல்லிக் கனகசபை கேட்டதாகப் பிரிக்பீல்ட்ஸில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். "பாக்க வாற ஆக்களை எத்தினை மணிக்கு உள்ள விடுவினம், பிள்ளை?" என்றுதான் கேட்டார்.