மாமனார் வீட்டுக்கு நான் தீ வைத்தது

என் பிணம்தான் இந்த வீட்டை விட்டு வெளியே போகும் என்று நான் சபதம் செய்திருந்தேன். பியலினென் ஏரிக்கரையில், முழு முழுப் பைன் மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி என் மாமனார் கட்டிய வீடு. தன் மகள், அதாவது என் மனைவி ஹில்கா பேருக்கு எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். பத்திரம் ஹில்காவிடம், பாசம் என்னிடம். எங்கள் குடும்பமே அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஹில்காவுக்கோ லீக்ஸா டவுனில் ஃப்ளாட் வேண்டும். அந்தக் கோடை மழையில்லாமல் காய்ந்ததும் புதுச் சாக்கு கிடைத்துவிட்டது.

“மர வீடுங்க. ஒரு பொறி பட்டா போதும், ரெண்டு பேரும் சாம்பல்.”

“சுள்ளி வேற, கட்டை வேற! இவ்வளவு தடிமனான கட்டை மேலாகத்தான் கரியும். அந்தக் கரியே தீயை உள்ளே விடாது.”

“யாரு சொன்னா?”

“நான் சொல்றேன்.”

“அதான் பயமா இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை காபிக்கு ரெய்னோ என்று ஒருவர் வந்தார். தேவாலயப் பாட்டுக்குழுவில் தன்னோடு பாடுகிறவர் என்றாள் ஹில்கா. அடக்கமான மனிதர். ஏலக்காய் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தார்.

“தீப்பிடிச்சா என்னங்க ஆகும்?”

இந்தக் கேள்விக்காகத்தான் நான் உயிரோடு இருந்தேன். பனிச்சறுக்குக் கட்டைக்குத் தார் ஏற்றும் கேஸ் டார்ச்சை எடுத்துவந்து பற்றவைத்து, அதன் தீயை வாசல் பக்கத்துச் சுவரில் நேராகக் காட்டினேன். ஹில்கா தண்ணீர் வாளியோடு நின்றாள். கை கடுக்கும்வரை காட்டினேன். சுவர் கறுத்தது, புகைந்தது. டார்ச்சை எடுத்ததும் தானாக அணைந்தது. கத்தியால் கரியைச் சுரண்டினேன். அடியில் வெண்ணெய் நிறத்தில் மரம், பிசின் வாசனையோடு.

“உள்ளே போய்ச் சுவரைத் தொட்டுப் பாருங்க!”

ரெய்னோ தொட்டுவிட்டு வந்தார். “சில்லுன்னு இருக்கே!”

“நரகத்துல கொண்டுபோய் வெச்சாலும் நிக்கும்!”

என் கண் கலங்கிவிட்டது. அந்த வீட்டின்மேல் எனக்கு அவ்வளவு பிரியம். ஹில்காவும் கண்ணைத் துடைத்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

“இனிமே பயமில்லையே?”

“எனக்கு எப்பவுமே இல்லீங்க. இவருக்குத்தான் இருந்துச்சு.”

ரெய்னோ சட்டைப் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்தார். எங்கள் பக்கத்தில் கட்டை வீட்டை வாங்குகிறவன் ஒவ்வொரு கட்டைக்கும் எண் போட்டு, பிரித்து, லாரியில் ஏற்றி, தன் நிலத்தில் மறுபடி அடுக்கிக்கொள்வான். நான் கரியாக்கிய கட்டைக்கு ஒன்று என்று போட்டார்.

“ஹில்கா! இது உங்கப்பா வீடு!”

“தெரியும். அதான் நல்ல கையாப் பாத்துக் குடுத்தேன். ஃப்ளாட்டும் பேசியாச்சு.”

ரெய்னோ என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஐயா, இந்தக் கட்டைங்களப் பத்தி உங்கள மாதிரி தெரிஞ்சவங்க யாரு இருக்கா? பிரிக்கும்போது கூட இருப்பீங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஹில்கா முந்திக்கொண்டாள்.

“அதுக்கென்ன, காலையிலேயே வந்துடுவாரு. கூலிய மட்டும் என்கிட்ட குடுத்துடுங்க.”