போட்டோவுக்கு மேலே ஒரு சிவப்பு ஷேடு

இனி மஸ்கட் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்தேன். பெண்ணைக் கட்டிக் கொடுத்தாயிற்று. முகப்பேர் ஹவுசிங் போர்டு ஃபிளாட்டில், என் சம்பாத்தியத்தில் வாங்கிய என் ஹாலில், நாற்காலி போட்டுப் பேப்பர் படித்து மிச்ச ஆயுளை முடிப்பது. சாவதற்குள் ஒரு மனிதன் கேட்கக்கூடிய மிகச் சின்ன வரம்.

ஹால் கிடைக்கவில்லை. நான் பாலைவனத்தில் இரும்புக் குழாய்களுக்குக் காவல் இருந்த பதினாறு வருஷத்தில் அங்கே ஒரு தையல் மெஷின் குடிவந்திருந்தது. மெஷினுக்குப் பின்னால் என் மனைவி வடிவு. அவளைச் சுற்றி ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து பஸ் பிடித்து வரும் பெண்கள். ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கும்போது ஆம்பிளை அங்கே இருக்கக் கூடாதாம். நியாயம்தான். ஆனால் ஒருத்தி போனால் அடுத்தவள் வந்தாள். நான் உள்ளறையில், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே, மூன்றாவது சாமானாகக் கிடந்தேன்.

நேரில் கேட்டால் நடக்காது. கலை வழியாகப் போனேன். எங்கள் ஹாலில் பகலிலும் விளக்கு வேண்டும். அந்த விளக்குக்கு வீட்டிலேயே ஷேடு செய்து மாட்டுவது. அழகு ஒரு சாக்கு. வெளிச்சம் மங்கினால் மெரூனுக்கும் பிரவுனுக்கும் வித்தியாசம் தெரியாது. நாலு ஜாக்கெட்டில் நூல் நிறம் மாறினால் கூட்டம் தானாகக் கலையும்.

"மஸ்கட்ல பெரிய மனுஷங்க வீட்ல ட்யூப் லைட்டே கிடையாது வடிவு. எல்லாம் ஷேடு போட்ட பல்புதான். ட்யூப் லைட் ஆஸ்பத்திரி வெளிச்சம்" என்றேன்.

சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். யோசித்தாள். வடிவு யோசித்தால் பயப்பட வேண்டும் என்று கல்யாணமான புதிதில் எனக்குத் தெரியும். பாலைவன வெயிலில் மறந்துபோயிருந்தது.

"செய்ங்களேன். சொம்மாதான குந்திகினு கீறீங்க."

வெட்டு மிச்சத் துணிமூட்டையை அவளே எடுத்துக் கொடுத்தாள். ஒரு பழக்கூடையின் அடியை அறுத்து, கவிழ்த்து, லைனிங் துணி சுற்றி, மைதா பசை காய்ச்சி ஒட்டினேன். விளிம்பில் உடைந்த வளையல், ஜிகினா, சமிக்கி. நிறம் மட்டும் அவள் தேர்வு. நல்ல ரத்தச் சிவப்பு. இடமும் அவள் சொன்னதுதான். சுவரில் என் பழைய போட்டோ, மஸ்கட் போகுமுன் எடுத்தது, தலை நிறைய முடியோடு. அதற்கு மேலே இருந்த குண்டு பல்பு.

"அங்க மாட்டுங்க. உங்க மூஞ்சி எடுப்பா தெரியும்."

என் கண் கலங்கியது. என் மூஞ்சியைப் பற்றி அவள் கடைசியாக எப்போது பேசினாள் என்றே ஞாபகமில்லை.

மாட்டிவிட்டு, ட்யூப் லைட்டைக் கழற்ற ஸ்டூலை நகர்த்தினேன். அப்போதுதான் எப்போதும் மூடியே கிடக்கும் பால்கனிக் கதவு திறந்திருந்ததையும், மெஷின் அதன் ஓரம் போயிருந்ததையும் பார்த்தேன். வெயில் நேராக ஊசிமேல் விழுந்துகொண்டிருந்தது.

மறுநாள் உள்ளறையில் இரண்டாவது ஷேடுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன். ஹாலுக்குள் புதிதாக ஒரு பெண் வந்தாள். பேர் நாகவல்லி, புருஷனுக்கு ஆவடி ஃபாக்டரியில் வேலை என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். பிறகு குரலை இறக்கிக் கேட்டாள்.

"எப்போக்கா ஆச்சு?"

மெஷின் மட்டும் ஓடியது.

"சின்ன வயசு. என்ன களையான முகம். நீங்க பொட்டை எடுக்காம இருக்கீங்க பாருங்க, அதுதான்க்கா சரி. ஜாக்கெட்டுக்கு ஒண்ணும் அவசரமில்ல. மனசு ஆறினப்புறம் தைச்சுக் குடுங்க."

கதவிடுக்கில் பார்த்தேன். சிவப்பு விளக்கு. அதன் கீழே நான். என் கழுத்தில், ஷேடுக்கு என்று நான் எடுத்து வைத்திருந்த மணிகளைக் கோத்து ஒரு மாலை. எந்த மாதிரி போட்டோவுக்கு மாலை போட்டுச் சிவப்பு பல்பு எரிப்பார்கள் என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அவள் போனதும் வெளியே வந்தேன்.

"நீங்க லைட்ட ஜோடிச்சீங்க, நான் போட்டோவ ஜோடிச்சேன்" என்றாள் வடிவு.

"நான் உயிரோட இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அவ அத்தக் கேக்கலியே."

நூலைப் பல்லால் கடித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினாள். புருஷன் செத்தவளிடம் துணி எப்போ ரெடியாகும் என்று எவளும் நச்சரிக்க மாட்டாளாம்.

சீக்கிரமே ஆவடி முழுக்க நான் செத்துப்போனேன். பக்கத்து ஃபிளாட்டுக்காரர்களுக்கு நான் உயிரோடிருப்பது தெரியும். அதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹாலில் பெண்கள் இருக்கும்வரை நான் இருமக் கூடாது, தும்மக் கூடாது, ரேடியோ போடக் கூடாது. அரை ஷேடை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். பதினாறு வருஷமும் நான் இந்த வீட்டில் போட்டோவாகத்தான் இருந்திருக்கிறேன். போட்டோ சோறு கேட்கவில்லை. ஹாலும் கேட்கவில்லை.

எல்லாம் பொறுத்தேன். ஆனால் பாத்ரூம் ஹாலைத் தாண்டி இருந்தது. ஒரு நாள் ஜாக்கெட் வாங்க வந்த நாகவல்லி, ஆறுதல் சொல்ல உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கவே இல்லை. ஒரு பிணம் எவ்வளவு நேரம்தான் அடக்கும்? மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டுக் கதவைத் திறந்தேன். இன்றோடு இதற்கு ஒரு முடிவு என்று ஹாலின் நடுவில் போய் நின்றேன்.

நாகவல்லி என்னைப் பார்த்தாள். போட்டோவைப் பார்த்தாள். மறுபடியும் என்னை.

வடிவு மெஷினை நிறுத்தவில்லை. "பயப்படாதம்மா. இவரு அவரோட அண்ணன். மஸ்கட்ல கீறாரு. காரியத்துக்கு வந்தாரு."

போட்டோவில் இருந்த மூக்கு என்னிடமும் இருந்தது, மச்சம் இருந்தது. முடிதான் இல்லை. நாகவல்லி பெருமூச்சு விட்டாள்.

"சாயல் இருக்குக்கா. ஆனா தம்பிதான் லட்சணம்."

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாயைத் திறந்தேன். அப்போது வடிவு நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் திமிர் இல்லை, பயம் இருந்தது. வீட்டைக் காலி செய்யச் சொல்ல வந்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"எப்போங்கண்ணா ஊருக்கு?" என்று மரியாதையாகக் கேட்டாள் நாகவல்லி.

"டிக்கெட் கிடைச்ச உடனேம்மா" என்றேன், பாத்ரூம் கதவைத் திறந்தபடி.