பந்து தடுப்பு உத்தியோகம்

மாரிகுப்பத்துப் பக்கம் கிராண்ட் ஓரியண்டல் மைன் என்று ஒரு கம்பெனி இருந்தது. கடிதம் எழுதுவது அதன் முதல் வேலை. மிச்ச நேரத்தில் தங்கமும் எடுத்தார்கள். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பதில் அந்தக் கம்பெனி துரைக்குக் கால்பந்துப் பைத்தியம் பிடித்தது. பக்கத்துச் சுரங்கத்திடம் தோற்றால் அவருக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. ஆகவே, உள்ளே பாறை உடைத்துக்கொண்டிருந்த காத்தவராயனை மேலே வரவழைத்து, 'தற்காலிகப் பந்து தடுப்பு உத்தியோகஸ்தன்' என்று நியமன உத்தரவு பிறப்பித்தார்கள். மைதானத்தில் அந்த இடத்துக்குப் பேக் என்று பெயர். கோலுக்கு முன்னால் நின்று, வருகிற பந்தையும் ஆளையும் வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டும். இதற்கா சம்பளம் என்று கூலிகள் குடியிருந்த கேம்ப் முழுக்க வாயைப் பிளந்தது.

காத்தவராயனுக்குப் பந்தின் மேல் தனி ஆசை ஒன்றும் கிடையாது. சுரங்கக் குழியான ஷாஃப்டுக்குள் இறங்காமல் இருந்தால் போதும். அவன் அண்ணன் தசரதன் பாறை சரிந்து செத்தவன். அவன் வேலை செய்த சுரங்க அடுக்கில், அதாவது லெவலில், மூன்று வருஷமாகக் கல்லே விழவில்லை, ஆகவே முட்டுக்கொடுத்த மரங்கள் வீண் என்று ஹெட் கிளார்க் ஏனோக் எழுதி, அத்தனையையும் உருவச் செய்தார். கல் விழுந்த பிறகு, மரம் அவசியம் என்று எழுதியவரும் அவரேதான். இரண்டு கடிதத்துக்கும் அவருக்குப் பாராட்டு வந்தது.

காத்தவராயன் உயிரைக் கொடுத்து ஆடினான். வெறுங்காலோடு பூட்ஸ் கால்களை எதிர்த்து நின்றான். ஒரு வருஷம் முழுக்க அவனைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை. கோலில் நின்ற இன்பராஜ் கம்பத்தில் சாய்ந்து குறட்டை விட்டான். வருஷக் கடைசியில் ஏனோக் கூப்பிட்டனுப்பினார்.

"இந்த வருசம் எத்தினி கோல் உள்ள போச்சுப்பா?"

"ஒண்ணுகூட இல்லீங்க ஐயா."

ஏனோக் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ ஆபத்தே இல்லாத எடத்துல உன்னை எதுக்கு நிறுத்தி வெச்சிருக்கோம்?"

"நான் நிக்கறதாலதான் போவலீங்க."

"அதுக்கு ருசு இன்னா? போவாத கோலை நான் எங்கப்பா எழுதறது? ஆறு மாசம் பாப்பேன். இப்பிடியே இருந்தா நீ கீழதான் எறங்கணும்."

காத்தவராயன் படிக்காதவன்தான், முட்டாள் இல்லை. அடுத்த ஆட்டத்தில் ஒரு பந்துக்கு மரியாதையாக வழி விட்டான். அது இன்பராஜின் தூக்கத்தைக் கலைக்காமல் உள்ளே போயிற்று. அதற்கடுத்த ஆட்டத்தில் இன்னொன்று. கோப்பை பறிபோயிற்று, துரைக்குச் சோறு இறங்கவில்லை. ஏனோக் மட்டும் மலர்ந்துபோனார். இவன் இருக்கும்போதே ஒன்று போகிறதென்றால் இல்லாவிட்டால் எத்தனை போகும் என்று நாலு பக்கம் எழுதினார். உத்தியோகம் நிரந்தரமாயிற்று. ஆண்டர்சன்பேட்டையில் மேளம் வைத்து மாலை போட்டார்கள்.

நல்ல யோசனை காலில்லாமலே நடக்கும். பிளேக் ஆபீஸில் எலி பிடிக்கிற கோவிந்தன் வாரத்துக்கு ஒரு ஜோடி எலியைப் பிழைக்க விட்டான். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களைத் தடவிப் பார்க்கிற காவல்காரன் மாதம் ஒரு தங்கக் கல்லுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டான். எல்லார் உத்தியோகமும் கெட்டிப்பட்டது.

ஒருநாள் உள்ளே மரம் முட்டுக்கொடுக்கிற மேஸ்திரி முனிரத்தினம் வெற்றிலை பாக்கோடு வந்தார்.

"நல்ல வழி காட்டுனப்பா காத்தவராயா! எங்க லெவல்ல ஒரு வருசமா கல்லு விழல. ஆளைக் கொறைக்கிறேங்கறாரு கிளார்க்கு. ஒரே ஒரு மரத்தை உருவிடலாம்னு இருக்கேன்."

"எந்த லெவலு?"

"உன் தம்பி சம்பங்கி வேலை செய்றானே, அதான்."

காத்தவராயன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "ஐயோ, வாணாங்க மேஸ்திரி! ஆளு செத்துப் பூடும்!"

"நீ பந்தை வுட்டப்போ நான் எதுனா கேட்டனா?"

காத்தவராயன் ஒரே ஓட்டமாக ஆபீசுக்கு ஓடினான். ஏனோக் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கல்லு விழுந்துச்சா?"

"இன்னும் இல்லீங்க."

"விழாத கல்லுக்கு எப்பிடிப்பா ஃபைல் போடறது? விழட்டும், வா."

அன்றைக்கே காத்தவராயன் பந்து உத்தியோகம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு, தம்பி இருக்கும் லெவலில் மரக்காரனாக இறங்கினான். ஆட்களை இறக்குகிற கேஜ் கூண்டில் கண்ணை மூடிக்கொண்டான். அண்ணனை நினைத்து அழுதான். ஆனாலும் முனிரத்தினத்தை ஒரு மரத்தையும் தொட விடவில்லை. தினம் ஒவ்வொரு மரமாகத் தட்டிப் பார்த்து ஆப்பு இறுக்கினான்.

மேலே காலியான இடத்துக்கு ஏனோக்கின் மச்சான் மகன் ஹரோல்ட் வந்தான். முதல் ஆட்டத்திலேயே அவனைத் தாண்டி ஒன்பது கோல் உள்ளே போயின. இத்தனை ஆபத்தான இடத்தில் ஒற்றை ஆளா என்று ஹரோல்டுக்கு இரண்டு உதவியாளர்களை அனுமதித்து உத்தரவு வந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள்.

கீழே ஆறு மாதமாக ஒரு கல்லும் விழவில்லை. ஒருநாள் கேஜில் ஒரு கடிதம் இறங்கிற்று. முனிரத்தினம் எழுத்துக்கூட்டிப் படித்தார்:

"மேற்படி லெவலில் நெடுநாளாய்க் கல் ஏதும் விழாதபடியால், மரங்கள் யாவையும் அகற்ற உத்தேசிக்கப்பட்டிருக்கிறது. ஆட்சேபணை உள்ளவர்கள், விழுந்த கல்லுடன் ஆபீசில் ஆஜராகவும்."

"இப்போ இன்னாண்ணா பண்றது?" என்றான் சம்பங்கி.

காத்தவராயன் தலைக்கு மேலிருந்த பாறையைத் தட்டிப் பார்த்தான். பிறகு கடப்பாரையை எடுத்தான்.

"நீ கேஜாண்ட போய் நில்லுடா தம்பி. ஒரே ஒரு கல்லுதான்."